கொள்ளு மிதிக்காத கார்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
20.1.2025

டிரைவர் இல்லாத காருக்கு டிரைவராகப் போயிருக்கும் அருமை பெலிக்ஸ் மாமாவுக்கு,

மருமகள் ஜெபா எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம். ஹாஸ்டல் உப்புமாதான் கொஞ்சம் கவலைக்கிடம். அங்கே நீங்களும், உங்களைப் பெறாமல் வளர்த்த உங்கள் அக்காவும் (என்னைப் பெற்று வளர்க்காமல் ஹாஸ்டலில் போட்ட என் அம்மா) நலம்தானே?

பொங்கல் லீவு முடிந்து நான் பஸ் ஏறிய மறுநாளே வேலையில் சேர்ந்திருக்கிறீர்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இங்கே போன் தருவார்கள். அந்த அற்ப நேரத்திலும் அம்மா, தலைக்கு எண்ணெய் வைத்தாயா, துணி துவைத்தாயா என்று கேட்டே முடித்துவிட்டு, வைக்கப் போகும்போது, “மாமாவுக்கு வேலை கெடச்சிருக்குட்டி, கார்ல சும்மா உக்காரணுமாம்” என்றாள். மிச்சக் கதையை யாரிடம் கேட்பது? அதனால்தான் இந்த இன்லேண்ட். கூப்பிடு தூரத்தில் இருக்கிற ராஜபாளையத்துக்கு இது எந்த ஊரையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து சேருமோ தெரியாது. வார்டன் மிஸ் பிரித்துப் படிப்பார்களோ என்று பயப்பட வேண்டாம். என் கையெழுத்தைப் படிக்க அவர்களுக்குப் பொறுமை கிடையாது.

இத்தனை வருஷம் ஆக்டிங் டிரைவராக ஊரான் காரை எல்லாம் ஓட்டினீர்கள். இப்போது கார் ஓட்டுமாம், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்களாம். இது கார் வேலை இல்லை மாமா, உட்கார் வேலை.

உங்கள் வண்டி காலையில் எங்கள் வகுப்பு ஜன்னலைத் தாண்டிப் போகிறது. தலையில் இட்லிச் சட்டி மாதிரி ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கிறதே, அது எதற்கு? என் பெஞ்சு பாண்டிசெல்வி, “அது பேயி ஓட்டுற வண்டிட்டி” என்றாள். “பேயி இல்லட்டி, எங்க மாமா. பெருசா வித்தியாசம் இருக்காது” என்றேன்.

சந்தேகங்கள் சில. ஆடு குறுக்கே வந்தால் கார் நிற்கும், சரி. ஆட்டுக்காரரைத் திட்டுவது யார்? ஆரன் அடிப்பது காரா, நீங்களா? போலீஸ் பிடித்தால் லைசென்ஸை எந்தப் பாக்கெட்டிலிருந்து எடுக்கும்? உடனே பதில் வேண்டும். எனக்கு இங்கே கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

அடங்காத மருமகள்,
ஜெபா


ராஜபாளையம்,
25.1.2025

வாயாடி மருமகளுக்கு,

மாமா ஆசீர்வதித்து எழுதுவது. கடிதம் கிடைத்தது. உன் அம்மாவிடம் உப்புமா பகுதியை மட்டும் வாசித்துக் காட்டினேன். “வீட்டுல மட்டும் என்னத்தக் கண்டா” என்றாள்.

உட்கார் வேலை என்று எழுதியிருந்தாய். உட்கார்ந்து பார்த்தால் தெரியும். ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது, தொடுகிற தூரத்தில் கை இருக்கணும். பிரேக்கை மிதிக்கக் கூடாது, மிதிக்கிற மாதிரி கால் இருக்கணும். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு இம்புட்டு அலுப்பு வரும் என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

கம்பெனி கோயம்புத்தூர்ப் பக்கம். பின் சீட்டில் அனுசியா மேடம் என்று ஒரு இன்ஜினீயர், மடியில் லேப்டாப்போடு வருவார். உன்னைவிட ஏழெட்டு வயசு கூட இருக்கும். கார் எதைப் பார்த்தாலும் அவர் திரையில் கட்டம் கட்டிக் காட்டும். மனிதனுக்கு ஒரு கட்டம், மாட்டுக்கு ஒரு கட்டம். இட்லிச் சட்டி என்று நீ சொன்னது அதன் கண். எட்டுத் திசையும் பார்க்கும். அது போதாது என்று சுற்றிலும் கேமரா. ஆனாலும் கல்யாண பிளெக்ஸில் சிரிக்கிற மாப்பிள்ளையைப் பார்த்து, ஆள் குறுக்கே வருகிறார் என்று நின்றுவிடுகிறது. நம் ரோட்டில் சிரிக்காத சுவர் ஏது?

இந்த வாரம் சத்திரப்பட்டி முக்கில் ஒரு துஷ்டி வீட்டுச் சவ ஊர்வலம். மற்ற வண்டி எல்லாம் ஆரன் அடித்து முந்துகிறது. இது முந்தவில்லை. முன்னால் கூட்டம் என்று நினைத்து, கொட்டுக்காரர் பின்னாலேயே நடை வேகத்தில் போகிறது. கடைசியில் ஒரு பெரியவர் வந்து பானெட்டைத் தட்டிக் கொடுத்து, “மருவாதி தெரிஞ்ச வண்டியா இருக்கே” என்றார். ஆட்டோ ஸ்டாண்டு சீனிச்சாமி மட்டும் அசைவதாக இல்லை. “ஏலே பெலிக்ஸு, இன்னைக்கு உன்னைய உக்கார வச்சிருக்கு. நாளைக்கு எறக்கி விட்டுரும். பொறவு எங்க பொழப்புலயும் மண்ணு” என்கிறான். அவன் கோபத்தில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பெரிய தமாஷ் சேத்தூர் தாண்டிப் பிரியும் ரோட்டில்தான். இப்போது அங்கே கொள்ளு அறுவடை. செடியைப் பிடுங்கிக் காயவைத்து ரோடு முழுக்கப் பரப்பிவிடுகிறார்கள். போகிற வருகிற வண்டி ஏறி மிதித்தால்தான் மணி உதிரும். நாம் எல்லாரும் கேட்காமலே ஏற்றிவிட்டுப் போவோம். இது ஏற்றுமா? ஏதோ தடை கிடக்கிறது என்று நின்றுவிட்டது. கொள்ளுக்குச் சொந்தக்காரர் ஐயாதுரை அண்ணாச்சி வந்துவிட்டார்.

“ஏலே, என்னலே நிக்க? ஏத்திட்டுப் போ.”

“நான் நிக்கல அண்ணாச்சி, வண்டி நிக்கி.”

“ஏன், அதுக்குக் கொள்ளு ஆகாதோ?”

மேடம், “நீங்களே ஓட்டிருங்க பெலிக்ஸ்” என்றார். பட்டனைத் தட்டி நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். கொள்ளு மேல் ஏறிய முதல் நிமிஷத்திலிருந்து இறங்குகிற வரைக்கும் கார் கீச் கீச் என்று கத்தியது. தடை, தடை என்று அதன் கணக்கு. கொள்ளு பரப்பிய பெண்கள் எல்லாம், “வண்டி அழுவுதுடி” என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது எங்கள் வண்டி வருகிற நேரம் பார்த்து ஒரு வரிசை புதுசாகப் பரப்பி வைக்கிறார்கள். ஊருக்குள் எங்களை ஏற்றுக்கொண்டாயிற்று என்று மேடத்துக்கு ஒரே சந்தோஷம்.

போலீஸும் ஒரு நாள் பிடித்தது. லைசென்ஸ் என் சட்டைப் பையில்தான்.

அன்பு மாமா,
பெலிக்ஸ்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
31.1.2025

மாமாவுக்கு,

மருமகள் நலம், ஆனால் கோபம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தானியங்கிக் காருக்குத் தானியம் தெரியவில்லை என்று தமிழ் வகுப்பில் சொன்னேன். தமிழ் மிஸ் சிரித்துவிட்டு என்னை வெளியே நிற்க வைத்தார்கள். சிரித்ததற்கு அவர்களை யார் வெளியே நிற்க வைப்பது?

இப்போது கோபம். சாலைப் பாதுகாப்பு மாதம் என்று நேற்று எங்களை எல்லாம் ரோட்டோரம் அட்டையோடு நிறுத்தினார்கள். நீங்கள் வருகிற நேரம் எனக்குத் தெரியும். என் அட்டையின் முன்பக்கம், ‘சாலையில் நிதானம், வாழ்வில் பிரதானம்’. பின்பக்கம் நான் இரவெல்லாம் யோசித்து எழுதியது: ‘எங்கள் மாமாவுக்குப் பெண் தேவை. மாப்பிள்ளை இதே காரில், ஓட்டாமல் இருப்பவர்.’

இருநூறு பிள்ளைகளைப் பார்த்துவிட்டு உங்கள் கார் என் முன்னாலேயே பொறுமையாக நின்றது. நான் உங்கள் கதவுப் பக்கம், கை நீட்டினால் கண்ணாடியைத் தொடுகிற தூரம். அட்டையைத் திருப்பினேன். ஆட்டினேன். நாக்கைத் துருத்தினேன். பின் சீட்டு மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பாண்டிசெல்வி சிரித்தாள். ரோட்டில் போன பால்காரர்கூடச் சிரித்தார். நீங்கள் மட்டும் கல்யாண போட்டோவுக்கு நிற்கிறவர் மாதிரி நேராகப் பார்த்தபடியே போய்விட்டீர்கள்.

பி.டி. மிஸ் அட்டையைப் பிடுங்கி என்னைக் கிரவுண்டில் ஓடவிட்டார்கள். அது வலிக்கவில்லை. சொந்த மருமகள் ரோட்டில் நின்றால் பெரிய கம்பெனி டிரைவருக்குக் கண் தெரியாதோ? பதில் சொல்லுங்கள்.

ஜெபா


ராஜபாளையம்,
5.2.2025

அன்பு ஜெபாவுக்கு,

கோபப்படாதேட்டி. டூட்டியில் பராக்குப் பார்க்கக் கூடாது என்று கம்பெனி சட்டம். என் முகத்தையே ஒரு கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது. உன்னைப் பார்க்காமலா இருப்பேன்? ‘ஹெல்மெட் அணிவீர்’ அட்டையைப் பிடித்துக்கொண்டு நல்ல பிள்ளை மாதிரி நின்றாயே. சிரிப்பை அடக்கிக்கொண்டு போனேன்.

ஒரு நல்ல சேதி. தளவாய்புரத்தில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தோம். பெயர் ஞானபாக்கியம். நைட்டி தைக்கிற கம்பெனியில் துணி வெட்டுகிற வேலை. “டிரைவர் இல்லாத வண்டிக்கே டிரைவரு” என்று அவள் அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். ஈஸ்டர் முடிந்ததும் நிச்சயம் வைக்கலாம் என்கிறார்கள். உன் அம்மாவைப் பிடிக்க முடியவில்லை, இப்போதே புடவை எடுக்கக் கிளம்பிவிட்டாள்.

நன்றாகப் படி.

மாமா,
பெலிக்ஸ்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
9.2.2025

மாமா,

ஞானபாக்கியம் அத்தைக்கு என் வாழ்த்து. துணி வெட்டுகிறவர் என்றால் என் நாக்கிலும் ஒரு அங்குலம் வெட்டச் சொல்லலாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உங்கள் கடிதத்தின் முதல் பத்தியைத் தாண்ட முடியவில்லை.

என் கையில் இருந்தது ஹெல்மெட் அட்டை இல்லை. நான் என்ன எழுதியிருந்தேன் என்று போன கடிதத்தில் வரி மாறாமல் சொல்லியிருக்கிறேன். நீங்கள் அதைச் சரியாகப் படிக்காமலேயே பதில் எழுதியிருக்கிறீர்கள், அல்லது பயந்துபோய்ப் பொய் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குப் பொய் சொல்லவே தெரியாது மாமா, அது என் இலாகா. மேடம் ஏன் உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை என்றும் யோசித்தேன். நீங்கள் பார்த்துவிட்டு வெட்கப்படுகிறீர்கள் என்று நினைத்து விட்டிருப்பார்.

பொங்கலன்று உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தட்டை நீட்டியபடியே இருந்தேன். நீங்கள் எடுக்கவில்லை. அம்மா எதிரே வந்து நீட்டியதும் எடுத்தீர்கள். அப்போது சிரித்தேன். இருட்டின பிறகு வண்டி எடுப்பதை எப்போதோ நிறுத்திவிட்டீர்கள். அதையும் சோம்பேறித்தனம் என்று கிண்டல் செய்தேன்.

ஒரு விளையாட்டு சொல்கிறேன், செய்து பாருங்கள். நேராகப் பார்த்து நில்லுங்கள். இரண்டு கையையும் பக்கத்தில் விரித்து, கட்டை விரலை ஆட்டிக்கொண்டே மெதுவாக முன்னால் கொண்டுவாருங்கள். தலையைத் திருப்பக் கூடாது. விரல் எப்போது தெரிகிறது? பாண்டிசெல்விக்குக் காதுக்கு நேரே வந்ததுமே தெரிந்தது. எனக்கும் அப்படித்தான்.

உங்களுக்கு எங்கே? உண்மையை எழுதுங்கள். இந்த ஒரு தடவை நான் விளையாடவில்லை.

ஜெபா


ராஜபாளையம்,
15.2.2025

மருமகளே,

மொட்டை மாடியில் நின்று செய்து பார்த்தேன். மூக்குக்கு நேரே இரண்டு விரலும் முட்டிக்கொள்ளப் போகிற நேரத்தில்தான் தெரிந்தது.

செய்து பார்க்காமலே எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் ஆகிறது. சவாரி போவதாகச் சொல்லிவிட்டு மதுரையில் கண்ணாஸ்பத்திரிக்குப் போனேன். ஊர்க் கடைசியிலிருந்து தெருவிளக்கை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வருவது மாதிரி என்றார் டாக்டர். நடுத்தெரு விளக்கு கடைசியில் அணையும். மருந்து கிடையாது. இப்போதைக்கு நடுவில் பளிச்சென்று இருக்கிறது. பைப்புக்குள்ளே பார்க்கிற மாதிரி. வேலைக்கு எடுக்கும்போது கண் டெஸ்ட் வைத்தார்கள். சுவரில் மாட்டிய எழுத்தைக் கடைசி வரி வரை வாசித்தேன். நேராகத்தானே மாட்டியிருந்தார்கள். பக்கத்தில் என்ன தெரிகிறது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

திட்டுவதற்கு முன்னால் கேள். ஆக்டிங் போவதை நானாகவே விட்டேன். எவனையாவது இடித்துவிடுவேன் என்ற பயம். இந்த வண்டியில் அந்தப் பயம் இல்லை. எனக்குத் தெரியாத பக்கத்தை எல்லாம் அது பார்க்கிறது. அதற்குத் தெரியாத கொள்ளு, பிளெக்ஸு, துஷ்டி வீடு எல்லாம் எனக்குத் தெரிகிறது. அதுவும் நானும் சேர்ந்தால் ஒரு முழு டிரைவர்.

ஊரில் பாதிப் பேர் இந்த வண்டி ஓடாது என்று பந்தயம் கட்டுகிறார்கள். இது ஓட வேண்டும் என்று ஜெபம் பண்ணுகிறவன் நான் ஒருத்தன்தான். நடு விளக்கும் அணைந்த பிறகு, யாரையும் கையைப் பிடிக்கச் சொல்லாமல், முன் சீட்டில் உட்கார்ந்து நான் போய்வர ஒரு வண்டி வேண்டும் ஜெபா. அது இதுதான்.

உன் அம்மாவுக்குத் தெரியாது. தளவாய்புரத்தில் தெரியாது. உன் வாயைப் பற்றி எனக்குப் பயம். கல்யாணம் முடிகிற வரைக்கும் அதை மூடி வை. மாமா உன்னிடம் வேறு எதுவும் கேட்டதில்லை.

பெலிக்ஸ்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
19.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

மூடிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா புடவைக் கலரைச் சொல்லச் சொல்ல, ம், ம் என்று மட்டும் சொன்னேன். “காய்ச்சலாட்டி?” என்று கேட்டாள்.

காலையில் கார் போகும்போது என் கை எழுதுவதை நிறுத்திவிடுகிறது. திரும்பி வருகிற வரைக்கும் ஒரு வரி ஏறுவதில்லை. வேதியியல் சார் கேள்வி கேட்டார், எழுந்து நின்று “வந்துட்டு சார்” என்றேன். வகுப்பே சிரித்தது. எனக்கு வேண்டுமென்றே சிரிக்க வைத்துத்தான் பழக்கம், இது பிடிக்கவில்லை.

நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதுவும் நீங்களும் சேர்ந்தால் ஒரு முழு டிரைவர். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொள்ளு ரோட்டில் நீங்கள் சேர்ந்து ஓட்டவில்லையே. அது கையை விரித்துவிடுகிறது, நீங்கள் தனியாக ஓட்டுகிறீர்கள். அது கத்துகிறது, நீங்கள் எல்லாரும் சிரிக்கிறீர்கள். அங்கே பக்கத்தைப் பார்ப்பது யார்?

முதுகு வலி என்று சொல்லுங்கள். வேறு ரோட்டில் போகலாம் என்று சொல்லுங்கள். பொய் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன். கொள்ளில் மட்டும் ஓட்டாதீர்கள் மாமா. நான் கேட்பதும் இது ஒன்றுதான்.

ஜெபா


ராஜபாளையம்,
27.2.2025

ஜெபாவுக்கு,

முதுகு வலி இரண்டு நாள் ஓடியது. அடுத்த நாள் ஐயாதுரை அண்ணாச்சி ரோட்டை மறித்துவிட்டார். “ஊரான் கொள்ள எல்லாம் மிதிச்சிட்டு, எங்க கொள்ளுன்னா ஒனக்கு முதுகு வலிக்கோ?” என்கிறார். மேடத்துக்கும் ஊர்க்காரர்களைப் பகைக்க மனசில்லை. ஏற்றினேன்.

இன்று நடந்ததை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். பதறாதே, ஒன்றும் ஆகவில்லை.

வழக்கம்போல வண்டி கத்திக்கொண்டே வந்தது. பாதி தூரத்தில் கத்தல் கொஞ்சம் மாறின மாதிரி இருந்தது. கொள்ளு கனமாகக் கிடக்கிறது போல என்று நினைத்தேன். இடது பக்கம் சடக் என்று ஒரு சத்தம். நிறுத்தினேன். வெள்ளத்தாய் அக்கா ரோட்டோரம் குத்தவைத்து, தெறித்த மணியைப் புடைக்கிற சொளகில் கூட்டி அள்ளிக்கொண்டிருந்திருக்கிறார். சக்கரம் ஏறியது சொளகில். கையை இழுத்துக்கொண்டார். எழுந்து நின்று, “புதுச் சொளகு வாங்கிக் குடுத்துட்டுப் போ மாப்ள” என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மேடம் லேப்டாப்பில் வேறு ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. கொள்ளு ரோட்டில் கத்துவதை எல்லாம் அவர் மொத்தமாகப் பொய் அலாரம் என்று குறித்துவிடுவார். இன்றைக்கும் குறித்தாயிற்று. “எல்லாத்தையும் சேத்து கம்பெனிக்கு அனுப்பியிருக்கேன் பெலிக்ஸ். அடுத்த மாசம் இந்த ரோட்டுல கத்தாது. வண்டி தானாவே கொள்ளு மேல போகும்” என்றார். பிறகு என்னை அங்கே ஓட்டச் சொல்ல மாட்டார்கள். நீ கேட்டது அதுதானே. உன் கவலையும் தீர்ந்தது.

மாமா,
பெலிக்ஸ்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
2.3.2025

மாமா,

என் கவலை தீரவில்லை. நீங்கள் எழுதியதன் அர்த்தம் உங்களுக்கே புரியவில்லையா, அல்லது புரிந்துதான் கடைசி வரியில் என்னைச் சமாதானம் செய்கிறீர்களா?

அந்தக் கத்தல் பொய் இல்லை. வெள்ளத்தாய் அக்கா உட்கார்ந்திருந்ததைக் கார் பார்த்தது. பார்த்துத்தான் கத்தியது. அது சரியாகச் சொன்னதைத் தப்பு என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த மாதம் அது, கொள்ளுப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் கத்தக் கூடாது என்று படித்துவிட்டு வரும். இந்த ஒரு கார் மட்டுமா? அந்தக் கம்பெனி விடப்போகிற எல்லாக் காரும் அதே பாடத்தைத்தான் படிக்கும். எட்டுத் திசையும் தெரிந்த ஒன்றுக்கு, ஓரத்தில் இருப்பதைப் பார்க்காதே என்று சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள். கண்தானம் கேள்விப்பட்டிருக்கிறேன். தெரியாத கண்ணைத் தானம் கொடுத்தவர் நீங்கள் ஒருத்தர்தான் மாமா.

இதை எழுதிவிட்டு அடிக்கலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை.

நடு விளக்கும் அணைந்த பிறகு உங்களை ஏற்றிக்கொண்டு போக இந்த வண்டி வேண்டும் என்றீர்கள். எந்த வண்டி? வெள்ளத்தாய் அக்காவைப் பார்த்துக் கத்திய வண்டியா, கத்தாத வண்டியா?

அம்மாவிடம் சொன்னால் அழுவாள், அவ்வளவுதான் நடக்கும். அதனால் அவளிடம் சொல்ல மாட்டேன். ஆனால் வருகிற வியாழக்கிழமை கார் வரும்போது நான் நடுரோட்டில் நிற்பேன். கார் நின்றுவிடும், அந்த நம்பிக்கை எனக்கு இருக்கிறது. பின் கதவைத் திறந்து மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்வேன். பள்ளியிலிருந்து அனுப்பினால் அனுப்பட்டும். அதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிட்டால் நான் வகுப்பில் இருப்பேன்.

என்னோடு பேசாமல் போய்விடுவீர்கள் என்று தெரியும். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இருந்தாலும் நிற்பேன்.

ஜெபா


ராஜபாளையம்,
10.3.2025

மருமகளுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை காலையில் கிடைத்தது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வண்டி ஏறினேன். சேத்தூர் ரோட்டில் கொள்ளு தெரிந்ததும் வண்டி நின்றது. மேடம், “ஓட்டுங்க” என்றார். நான் சாவியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.

சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை, நான் தமாஷ் பண்ணுவதாக நினைத்தார். இருபத்தேழாம் தேதி படத்தைப் போடச் சொன்னேன். வண்டி நின்ற இடத்திலேயே பார்த்தோம். வெள்ளத்தாய் அக்கா மேல் அழகாகக் கட்டம் கட்டியிருந்தது. சக்கரம் வருவதும், அவர் கை சொளகை விட்டு விலகுவதும் அப்படியே இருந்தது. மேடம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். பொய் என்று போட்டதை உண்மை என்று மாற்றினார். அதோடு விடவில்லை. நான் கொள்ளில் ஓட்டின எல்லா நாளையும் எடுத்து, ஒவ்வொரு கத்தலாகப் பார்த்தார். வெயில் ஏறிவிட்டது. ஐயாதுரை அண்ணாச்சி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இன்னும் இரண்டு இருந்தன. ஒன்று ஆட்டுக்குட்டி, தாவித் தப்பித்துவிட்டது. மற்றது என்ன என்று உனக்கு எழுத மாட்டேன். அதுவும் தப்பித்துவிட்டது என்பது மட்டும் போதும். நான் அன்றிலிருந்து தூங்கவில்லை.

மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “என் மேலயும் தப்பு இருக்கு பெலிக்ஸ், நான் திரும்பிப் பாக்கல” என்றார். வேறு ஆளை வரவழைத்துத்தான் வண்டி திரும்பியது. நான் தளவாய்புரம் விலக்கில் இறங்கிக்கொண்டேன். வியாழக்கிழமை சீட்டில் இருந்தது அந்த ஆள்தான். நீ வகுப்பில் இருந்தாயா, ஜன்னலில் இருந்தாயா என்று எனக்குத் தெரியாது. சீனிச்சாமியிடம் சொன்னேன், சிரிப்பான் என்று நினைத்தேன். டீ வாங்கிக் கொடுத்தான். உன் அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன். நீ சொன்னபடியே அழுதாள். பிறகு எழுந்து போய்ச் சாப்பாடு போட்டாள்.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுத உட்கார்ந்து இரண்டு இன்லேண்டைக் கிழித்தேன். கொஞ்சம் இருக்கிறது ஜெபா. போய்விடும். அதனால்தான் எழுதத் தாமதம்.

தளவாய்புரம் விலக்கில் இறங்கினேன் என்றேனே, அங்கிருந்து நேரே ஞானபாக்கியத்தின் கம்பெனிக்குப் போனேன். அவள் அப்பா வழியாகப் போவது சரியில்லை என்று தோன்றியது. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்து வெளியே வந்தாள். வேப்ப மரத்தடியில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். வேலை இல்லை என்றேன். கண்ணும் இருக்காது என்றேன். கையில் டிபன் பாக்ஸோடு கேட்டுக்கொண்டே நின்றாள்.

“இப்ப என்னைய எம்புட்டுத் தெரியுது?” என்றாள்.

“மொகம் தெரியுது. மொகம் மட்டும்.”

பிறகு ஒரு எட்டுப் பின்னால் தள்ளி நின்றாள். “இப்ப?”

தோள் வரைக்கும் தெரிந்தது. சொன்னேன். இன்னும் ஒரு எட்டு வைத்தாள். கேட்கவில்லை. இன்னும் ஒன்று. அந்த இடத்தில் தலையிலிருந்து கால் வரைக்கும், கையில் பிடித்த டிபன் பாக்ஸோடு, முழுசாகத் தெரிந்தாள். நான் தலையை ஆட்டினேன். மணி அடித்தது, உள்ளே போய்விட்டாள்.

அந்த எட்டெல்லாம் நான் பார்க்கட்டும் என்று வைத்ததா, போவதற்கு வைத்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் வீட்டிலிருந்து இன்னும் ஆள் வரவில்லை.

உன் மாமா,
பெலிக்ஸ்